செயலி எட்டும் நினைவகம்: அதன் உச்ச அளவை அறியும் முறை

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ராபர்ட்சன்பேட்டையைப் போன்றதொரு நகரில் உள்ள உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் கணிப்பொறி அறையில் பத்துப் பழைய பொறிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இருப்பது 2 கிகாபைட் நினைவகம். புதிய பாட நிரல்கள் அவற்றில் மிகவும் மந்தமாக ஓடுகின்றன. அவ்வாண்டு நன்கொடையாக வந்த சிறு தொகையை எவ்வாறு செலவிடுவது என்று ஆசிரியர்கள் கூடி ஆலோசிக்கின்றனர். "பொறி ஒன்றுக்கு 8 கிகாபைட் வாங்கிப் பொருத்திவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் கவலையில்லை" என்கிறார் ஒருவர். "வாங்கிப் பொருத்தினாலும் பொறி அதனைக் கண்டுகொள்ளாது" என்கிறார் மற்றொருவர். இருவருள் எவர் கூற்று சரியானது? பணம் செலவான பின்னர் விடை தெரிந்து பயனில்லை. முன்கூட்டியே அறிவதற்குத் திட்டமான வழி உண்டு. அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரண்டின் அடுக்குகளைப் பெருக்கத் தெரிந்த எவரும் இதனைப் பின்பற்றலாம்.

முகவரி என்பது யாது?

கணிப்பொறியின் நினைவகம் எண்ணிடப்பட்ட அறைகளின் நீண்ட வரிசை எனலாம். ஒவ்வோர் அறையிலும் ஒரு பைட், அதாவது எட்டுப் பிட்டுகள், தங்குகின்றன. அறையின் வரிசை எண்ணே அதன் முகவரி. ஓர் அறையிலிருந்து எதையேனும் படிக்கவோ, அதில் எழுதவோ வேண்டுமாயின், பிராசஸர் எனப்படும் செயலி முதலில் அந்த எண்ணை அறிவிக்க வேண்டும்.

ராபர்ட்சன்பேட்டையின் குறுக்குத் தெருக்கள் எண்களால் வழங்கப்படுவதை அவ்வூரார் அறிவர். அங்குள்ள ஒரு தெருவுக்கான விண்ணப்பப் படிவத்தில், கதவு எண்ணை எழுத ஒரே ஒரு கட்டம் மட்டும் அச்சிடப்பட்டுள்ளதாகக் கொள்க. அப்போது 0 முதல் 9 வரை பத்து வீடுகளையே குறிக்க முடியும். இரண்டு கட்டங்கள் இருந்தால் நூறு வீடுகள். மூன்று இருந்தால் ஆயிரம். தெருவில் மேலும் வீடுகள் கட்டப்பட்டிருக்கலாம். ஆயினும் அவற்றைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை.

செயலியின் நிலையும் இத்தகையதே. அது முகவரியைக் கம்பிகளின் வாயிலாக அறிவிக்கிறது. ஒவ்வொரு கம்பியிலும் மின்னழுத்தம் தாழ்ந்தோ உயர்ந்தோ இருக்கும். அதாவது 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளே உண்டு. ஆகவே ஒரு கம்பியால் 2 அறைகளையும், இரண்டு கம்பிகளால் 4 அறைகளையும், மூன்றால் 8 அறைகளையும் குறிக்கலாம். ஒரு கம்பி கூடுந்தோறும் அறைகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். பத்துக் கம்பிகளுக்கு 1,024 அறைகள். இதுவே ஒரு கிலோபைட். இருபது கம்பிகளுக்கு 10,48,576 அறைகள். இது ஒரு மெகாபைட். முப்பது கம்பிகளுக்கு ஒரு கிகாபைட். நாற்பதுக்கு ஒரு டெராபைட்.

இதிலிருந்து மனக்கணக்காகவே விடை காணும் விதி ஒன்று பெறப்படுகிறது. கம்பிகளின் எண்ணிக்கையைப் பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும். ஒரு பத்து கிலோ, இரண்டு பத்து மெகா, மூன்று பத்து கிகா. மீதியுள்ள எண்ணுக்கு இரண்டின் அடுக்கைக் காண வேண்டும். உதாரணமாக, 36 கம்பிகள் என்றால் மூன்று பத்தும் ஆறும். இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஆகவே விடை 64 கிகாபைட்.

நம் நாட்டுப் பொறிகளிலிருந்து சில உதாரணங்கள்

தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் அண்டக் கதிர்களை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்ட குழுவில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இடம்பெற்றிருந்தனர். அதே நிலையம் 1960ஆம் ஆண்டில் ஒரு மின்னணுக் கணிப்பொறியையும் தானே அமைத்து இயக்கியது. 1962இல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார் பிரதமர் நேரு. அதன் நினைவகம் சிறு காந்த வளையங்களால் ஆனது. 40 பிட் நீளமுள்ள சொற்கள் 2,048 அதில் அடங்கின. 2,048 என்பது இரண்டின் பதினோராம் அடுக்கு. ஆதலின் ஒரு சொல்லைச் சுட்ட 11 பிட் முகவரி போதுமானது. அப்பொறி பைட்டுகளை எண்ணவில்லை, சொற்களையே எண்ணிற்று என்பதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுதல் நன்று. மொத்தப் பிட்டுகளை எட்டால் வகுத்தால் 10,240 பைட், அதாவது 10 கிலோபைட் மட்டுமே கிடைக்கும்.

நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் நெடுங்காலமாகப் பயிற்சிக்கு உபயோகப்பட்டு வரும் 8085 செயலிக்கு 16 முகவரிக் கம்பிகள் உண்டு. எனவே அது எட்டக்கூடியது 65,536 அறைகள், அதாவது 64 கிலோபைட். அதற்கு அடுத்து வந்த 8086 செயலிக்கு 20 கம்பிகள். எல்லை 1 மெகாபைட். 80286 செயலிக்கு 24 கம்பிகள். எல்லை 16 மெகாபைட். 80386 செயலிக்கு 32 பிட் முகவரி. எல்லை 4,29,49,67,296 அறைகள், அதாவது 4 கிகாபைட்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். '8 பிட் செயலி', '16 பிட் செயலி' என்னும் பெயர்கள், செயலி ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அகலத்தைக் குறிப்பவை. முகவரியின் அகலத்தைக் குறிப்பவை அல்ல. 8085 எட்டுப் பிட் செயலியே. முகவரியும் எட்டுப் பிட்டாக இருந்திருப்பின் 256 அறைகளுக்கு மேல் அதனால் எட்டியிருக்க முடியாது. 1995இல் வெளிவந்த பென்டியம் புரோ 32 பிட் செயலியே. எனினும் அதன் முகவரி 36 பிட் அகலமுடையது. அதேபோல் இன்றைய 64 பிட் செயலிகளில் 64 முகவரிக் கம்பிகள் இருப்பதில்லை. பெயரைக் கண்டு கணக்கிடுவோர் ஏமாறுவர்.

கால்களை எண்ணிக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. 8085இல் எட்டுக் கால்கள் முகவரிக்கு மட்டுமே உரியவை. வேறு எட்டுக் கால்கள் முதலில் முகவரியின் கீழ்ப்பாதியையும், பின்னர் தரவையும் சுமக்கின்றன. இவ்விரண்டாம் வகையை விட்டுவிட்டால் விடை 256 என்று பிழைபடும். 80386இன் முழு வடிவத்தில் முகவரிக் கால்கள் 30 மட்டுமே. அது ஒரே தடவையில் நான்கு பைட்டுகளை எடுக்க வல்லது. அந்நான்கில் எவை வேண்டும் என்பதைத் தனியாக நான்கு கால்கள் அறிவிக்கின்றன. ஆகவே முப்பது கம்பிகள் சுட்டும் இடங்களின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கிய பின்னரே 4 கிகாபைட் என்னும் சரியான விடை கிடைக்கும்.

மூன்று எல்லைகள்

செயலியின் எல்லை தெரிந்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. தங்கவயல் மக்களுக்கு நன்கு பழக்கமான ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம்.

2001ஆம் ஆண்டு மூடப்படும் வரை அங்குத் தொழிலாளர்கள் கூண்டில் ஏறி ஷாஃப்ட் வழியாக நிலத்தடிக்குச் சென்று வந்தனர். கூண்டு எவ்வளவு ஆழம் செல்லும் என்பதை மூன்று காரியங்கள் தீர்மானித்தன. முதலாவது, கூண்டைத் தாங்கும் கயிற்றின் நீளம். இரண்டாவது, ஷாஃப்ட் எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டுள்ளது என்பது. மூன்றாவது, எந்தெந்த மட்டங்களில் இறங்குவதற்கு வாயில் திறக்கப்பட்டுள்ளது என்பது. கயிறு எவ்வளவு நீளமாயினும், தோண்டப்படாத ஆழத்துக்குக் கூண்டு செல்லாது. மூன்றில் மிகக் குறைவானதே உண்மையான எல்லை.

கணிப்பொறியிலும் இவ்வாறே. செயலியின் முகவரி அகலம் கயிற்றை ஒக்கும். தாய்ப்பலகையும் அதிலுள்ள துணைச்சில்லுத் தொகுதியும் தோண்டிய ஷாஃப்டை ஒக்கும். இயக்க முறை எனப்படும் மென்பொருள், எம்மட்டங்களில் வாயில் திறப்பது என்பதை முடிவு செய்கிறது. 32 பிட் விண்டோஸின் மேசைக்கணிப்பொறிப் பதிப்புகள், செயலியும் பலகையும் இடம் கொடுத்தாலும், 4 கிகாபைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பின் எல்லை 2 கிகாபைட் மட்டுமே.

எனவே விதி இதுதான்: செயலி, பலகை, இயக்க முறை ஆகிய மூன்றின் எல்லைகளையும் தனித்தனியே குறித்து, அவற்றுள் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்க உவமையை இன்னும் ஓர் அடி கொண்டு செல்லலாம். தங்கவயலின் மிக ஆழமான பகுதிகளை ஒரே கூண்டில் சென்று அடைய இயலாது. ஒரு மட்டத்தில் இறங்கி, நிலத்தடியிலேயே அமைந்த வேறொரு ஷாஃப்டுக்கு மாறிச் செல்ல வேண்டும். கயிற்றை நீட்டாமலே ஆழத்தை எட்டும் வழி அது. செயலிகளிலும் இத்தகைய உபாயம் கையாளப்பட்டது. 1984இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் கீழ் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ பொறியின் செயலிக்கு 16 முகவரிக் கம்பிகளே. எல்லை 64 கிலோபைட். ஆயினும் அந்த 64இல் 16 கிலோபைட் பரப்பைப் 'பலகணி' போல ஒதுக்கி, 16 தனித்தனி நிரல் நினைவகங்கள் வரை மாற்றி மாற்றி அதில் தோன்றும்படி செய்திருந்தனர். ஒரு சமயத்தில் ஒன்றே தோன்றும். மொத்த நினைவகம் 64 கிலோபைட்டை விஞ்சினாலும், ஒரு கணத்தில் செயலி எட்டுவது 64 கிலோபைட்டே.

நான்கு வாங்கினால் மூன்று தெரிவது ஏன்?

நான்கு கிகாபைட் பொருத்திய பொறியில் 3 அல்லது 3.5 கிகாபைட் மட்டுமே தெரிவதாகக் களப்பணியாளர் பலர் முறையிடக் கேட்கிறோம். பட்டை பழுது என்றோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ கருதுவது வழக்கம். பெரும்பாலும் இரண்டும் அல்ல.

முகவரிகள் நினைவகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. திரைக்கான அட்டை, வலையமைப்புச் சாதனம், பொறியைத் தொடங்கிவைக்கும் நிரல் அடங்கிய சில்லு ஆகியவற்றுக்கும் முகவரி வேண்டும். 32 பிட் முகவரியில் உள்ள 4 கிகாபைட் எண்களுள் மேற்பகுதி இவற்றுக்கு ஒதுக்கப்படுகிறது. நூறு மனைகள் உள்ள தெருவில், கடைசிப் பத்து எண்களைத் தண்ணீர்த் தொட்டிக்கும் தபால் நிலையத்துக்கும் கொடுத்துவிட்டால், குடியிருப்புக்குத் தொண்ணூறு எண்களே எஞ்சும். நூறு குடும்பங்கள் வந்தால் பத்துக் குடும்பங்களுக்கு வீட்டெண் கிடையாது. 32 பிட்டுக்கு மேற்பட்ட முகவரி உள்ள பலகைகள், இவ்வாறு மறைந்த பகுதியை 4 கிகாபைட்டுக்கு மேலுள்ள எண்களுக்கு இடமாற்றிக் கொடுக்கும். அவ்வாறு செய்ய இயலாத பலகைகளில் அப்பகுதி வீணே.

மெய்ம்முகவரியும் தோற்ற முகவரியும்

இன்றைய செயலிகள் இருவகை முகவரிகளைக் கையாளுகின்றன. நிரல்கள் உபயோகிப்பது தோற்ற முகவரி. செயலி அதனை ஓர் அட்டவணையின் துணையால் மெய்ம்முகவரியாக மாற்றி நினைவகத்துக்கு அனுப்புகிறது. நாம் எவ்வளவு நினைவகம் பொருத்தலாம் என்பதை முடிவு செய்வது மெய்ம்முகவரியின் அகலம் மட்டுமே.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த வரையறையில் இதனைத் தெளிவாகக் காணலாம். அதன் 32 பிட் வகையில் அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 22 பிட் பக்க எண்ணைத் தாங்குகிறது. ஒரு பக்கம் 4,096 பைட். அதற்குள் ஓர் இடத்தைச் சுட்ட 12 பிட் தேவை. 22உம் 12உம் கூட்ட 34 பிட். ஆகவே 32 பிட் செயலியாயினும் மெய்ம்முகவரி 34 பிட். எல்லை 16 கிகாபைட். 64 பிட் வகையில் பக்க எண் 44 பிட். 12ஐக் கூட்ட 56 பிட். ஆயினும் இவை வரையறை அனுமதிக்கும் உச்சங்கள். ஒரு குறிப்பிட்ட சில்லில் அத்தனை கம்பிகளும் இழுக்கப்பட்டிருக்கும் என்று கொள்ளலாகாது.

சி-டாக் நிறுவனத்தின் தேஜஸ் 32 சில்லு இதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள செயலி 32 பிட் வகையைச் சேர்ந்தது. சில்லினுள் அமைந்த நினைவகமோ 256 கிலோபைட் மட்டுமே. அதனைச் சுட்ட 18 பிட்டுகள் போதும். சிறு கருவிகளைக் கட்டுப்படுத்தும் பணிக்கு அவ்வளவே தேவை.

நேரில் அறியும் முறை

லினக்ஸ் இயக்க முறை உள்ள பொறியில், கட்டளைத் திரையைத் திறந்து, எல், எஸ், சி, பி, யு என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை இடைவெளியின்றித் தட்டச்சிட வேண்டும். செயலியைப் பற்றிய விவரங்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் 'அட்ரஸ் சைஸஸ்' என்னும் வரியில் இரண்டு எண்கள் காணப்படும். 'ஃபிஸிக்கல்' என்பதை அடுத்துள்ளது மெய்ம்முகவரியின் பிட் எண்ணிக்கை. 'வர்ச்சுவல்' என்பதை அடுத்துள்ளது தோற்ற முகவரிக்குரியது. முன்னதையே நாம் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, மெய்ம்முகவரி 39 என்றிருப்பின், மூன்று பத்தும் ஒன்பதும், 512 கிகாபைட். பலகையின் எல்லையை அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டில் காணலாம்.

இனி, தொடக்கத்தில் கூறிய பள்ளிக்கு வருவோம். அப்பொறிகளில் இருப்பவை கோர் 2 டுவோ செயலிகள் என்றும், பலகையில் உள்ளது 945 வரிசைத் துணைச்சில்லுத் தொகுதி என்றும் வைத்துக்கொள்வோம். செயலியின் மெய்ம்முகவரி 36 பிட். அதன்படி எல்லை 64 கிகாபைட். இதைமட்டும் பார்த்தால் 8 கிகாபைட் வாங்கச் சொன்னவர் கூற்றே சரி என்று தோன்றும். ஆனால் 945 தொகுதியின் முகவரி 32 பிட். எல்லை 4 கிகாபைட். இடமாற்றும் வசதியும் அதில் இல்லை. ஆகவே 4 கிகாபைட் பொருத்தினால், சாதனங்களுக்கு ஒதுக்கியது போக, ஏறக்குறைய 3 முதல் 3.5 கிகாபைட் வரையே உபயோகத்துக்கு வரும். 64 பிட் இயக்க முறையை நிறுவினாலும் இந்நிலை மாறாது. ஏனெனில் குறை ஷாஃப்டில் உள்ளது, வாயிலில் அன்று. 8 கிகாபைட் வாங்கியிருந்தால் பணம் வீணாகியிருக்கும். பொறி தொடங்காமலே போகவும் கூடும்.

எனவே அப்பள்ளி செய்யத்தக்கது, பலகை ஏற்கும் வகையைச் சேர்ந்த பட்டைகளால் 4 கிகாபைட் வரை நிரப்புவதும், குறைந்த நினைவகத்தில் இயங்கும் எளிய இயக்க முறையை நிறுவுவதுமே. எஞ்சிய தொகையைக் கொண்டு ஒரு புதிய பொறியேனும் வாங்க முயலலாம்.

வகுப்பறைப் பரிசோதனை

8085 பயிற்சிப் பலகை உள்ள கல்வி நிலையங்களில், நினைவகம் உண்மையில் எவ்வளவு உள்ளது என்பதைப் பின்வருமாறு சோதிக்கலாம். முகவரிகள் யாவும் பதினாறடிமான எண்கள்.

முதலில் கையேட்டைப் பார்த்து, மாணவர் உபயோகத்துக்கு விடப்பட்ட முகவரி ஒன்றைத் தேர்க. பலகையின் சொந்த நிரல் உபயோகிக்கும் பகுதியில் எழுதலாகாது. தேர்ந்தது 2100 எனக் கொள்வோம். அதில் 55 என்று எழுதுக. பின்னர் 6100இல் உள்ளதைப் படிக்க. இவ்விரு முகவரிகளுக்கும் உள்ள வேறுபாடு, 14 என்று எண்ணிடப்பட்ட ஒரே கம்பியின் நிலைதான். 6100இலும் 55 தோன்றினால், அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே 6100இல் 22 என்று எழுதி, மீண்டும் 2100ஐப் படிக்க. அங்கு 22 தோன்றினால் இரு முகவரிகளும் ஒரே அறைக்கு உரியவை. 14ஆம் கம்பி அந்த நினைவகத்தைத் தேர்வதில் பங்கு கொள்ளவில்லை. 55 மாறாதிருக்க, 6100இல் 22 பதிந்திருந்தால், அவை இரு வேறு அறைகள். 6100இல் எழுதியது பதியாவிடில், அங்கு எழுதத்தக்க நினைவகம் இல்லை.

முகவரி இருப்பது வேறு, அதற்குரிய அறை இருப்பது வேறு என்பதை மாணவர் தம் கையாலேயே உணர்வதற்கு இதனினும் எளிய பரிசோதனை இல்லை எனலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 6264 என்னும் நினைவகச் சில்லில் 8,192 பைட்டுகள் உள்ளன. அதற்கு எத்தனை முகவரிக் கம்பிகள் வேண்டும்? 8085உடன் இணைத்தால் மிஞ்சும் கம்பிகள் எத்தனை?

2. ஒரு செயலியின் மெய்ம்முகவரி 40 பிட். பலகையின் எல்லை 32 கிகாபைட். இயக்க முறையின் எல்லை 8 கிகாபைட். பொருத்தத்தக்க நினைவகம் எவ்வளவு? இயக்க முறையை மாற்றினால் எவ்வளவு வரை உயர்த்தலாம்?

3. பிபிசி மைக்ரோவில் 16 கிலோபைட் பலகணியில் 16 நிரல் நினைவகங்கள் முழு அளவில் மாறி மாறித் தோன்றினால், அவற்றின் மொத்த அளவு யாது?

விடைகள்: (1) 13 கம்பிகள்; மிஞ்சுபவை 3. (2) 8 கிகாபைட். பலகையின் எல்லையாகிய 32 கிகாபைட் வரை, புதிய இயக்க முறை அதனை அனுமதிப்பின். (3) 256 கிலோபைட்.

பழைய பொறிக்கு நினைவகம் வாங்க விண்ணப்பம் எழுதுமுன், மேற்கூறிய மூன்று எல்லைகளையும் ஒரு தாளில் குறித்து அவ்விண்ணப்பத்துடன் இணைக்கும் வழக்கத்தைக் களப்பணியாளரும் ஆசிரியரும் மேற்கொள்வாராயின், வீண் செலவு பெரிதும் தவிர்க்கப்படும்.